களப்பணி அறிக்கையின் மதிப்பீட்டுப் பகுதி: நம்பகத்தன்மை, ஏற்புடைமை இரண்டையும் எப்படி எழுதுவது?

செங்காங் அம்மா

வணக்கம். மகள் உயர்நிலை மூன்றில் புவியியல் படிக்கிறாள். அவளுடைய குழு சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காக் கடற்கரையில் களப்பணி முடித்துவிட்டு இப்போது அறிக்கை எழுதுகிறது. அவர்களுடைய கருதுகோள், இந்தக் கரையில் மணல் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி நகர்கிறது என்பது. ஆரஞ்சுப் பழத்தைக் கரையோர நீரில் போட்டு, குறிப்பிட்ட நேரத்தில் எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்தார்கள். அலைகளை எண்ணினார்கள். கிளினோமீட்டரும் (சாய்வுக் கோணம் காட்டும் கருவி) அளவுக் கம்புகளும் வைத்துக் கரையின் சரிவை அளந்தார்கள்.

முடிவு எழுதியாயிற்று. கடைசிப் பகுதியில் நிற்கிறார்கள். ரிலையபிலிட்டி (நம்பகத்தன்மை), வேலிடிட்டி (ஏற்புடைமை) இரண்டையும் மதிப்பிட வேண்டும். குழு எழுதியது இது: "மனிதத் தவறுகள் நேர்ந்திருக்கலாம். நேரம் போதவில்லை. அதிக அளவீடுகள் எடுத்திருந்தால் முடிவு இன்னும் துல்லியமாக இருந்திருக்கும்." ஆசிரியர் ஓரத்தில் "எந்த அளவீடு? எந்த முடிவு?" என்று எழுதித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

எனக்குப் புவியியல் தெரியாது. வீட்டில் நாங்கள் எதையும் தமிழில் பேசித்தான் புரிந்துகொள்வோம், அதனால் இங்கே கேட்கிறேன். இந்த இரண்டுக்கும் என்ன வேறுபாடு? பிள்ளைகள் எழுதியதில் என்ன குறை?

கடலோரம்

அம்மா, ஆசிரியர் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் பதில் எழுதினாலே மதிப்பீடு முடிந்துவிடும். நான் உயர்நிலைப்பள்ளியில் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். இந்தப் பகுதியைப் பிள்ளைகள் மன்னிப்புக் கடிதம் மாதிரி எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். அறிக்கையில் அவர்கள் உண்மையாகச் சிந்திக்க வேண்டிய இடமே இதுதான்.

நம்பகத்தன்மை என்றால், அதே இடத்தில் அதே முறையில் மறுபடி அளந்தால், அல்லது வேறொருவர் அளந்தால், ஏறக்குறைய அதே எண் வருமா என்பது. ஏற்புடைமை என்றால், நீங்கள் அளந்தது நீங்கள் சொல்ல வந்த விஷயத்தைத்தானா என்பது. முதலாவது அளக்கும் முறையின் உறுதியைப் பற்றியது. இரண்டாவது அளவீட்டுக்கும் கேள்விக்கும் நடுவே உள்ள உறவைப் பற்றியது.

ஆரஞ்சையே எடுத்துக்கொள்வோம். ஒரே இடத்திலிருந்து, ஒரே ஆழத்தில், ஒரே கால அளவுக்குப் பல முறை போட்டுப் பார்த்தார்களா? ஒவ்வொரு முறையும் தூரம் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்ததா? அப்படியானால் நம்பகத்தன்மை நன்றாக இருக்கிறது என்று சொல்லலாம். இப்போது ஏற்புடைமைக்கு வாருங்கள். கருதுகோள் மணலைப் பற்றியது. ஆரஞ்சு பெரும்பகுதி நீரில் முழுகியே மிதக்கும், அதனால்தான் காற்று அதை அதிகம் தள்ளாது என்று அதைத் தேர்ந்தெடுக்கிறோம். என்றாலும் அது நகர்வது நீரின் மேற்பரப்போடுதான். மணல் நகர்வது அடித்தரையில், கரையேறி இறங்கும் அலைநீரில். கடல் ஏற்ற இறக்கத்தின் நீரோட்டமும் ஆரஞ்சைச் சுமந்து போகும். ஆகவே ஆரஞ்சு சொன்னது, அந்த மணி நேரத்தில் கரையோர மேற்பரப்பு நீர் எந்தப் பக்கம் போனது என்பதை மட்டுமே. "மணல் மேற்கே நகர்கிறது" என்று முடிவு எழுதினால், அளந்ததைவிடப் பெரிதாக ஒன்றைச் சொல்லிவிட்டார்கள்.

இன்னொன்று, ஈஸ்ட் கோஸ்ட் இயற்கைக் கரை இல்லை. 1966இல் தொடங்கிய நில மீட்புத் திட்டத்தில் உருவானது, மொத்தம் சுமார் 1,525 ஹெக்டர். மணலைக் கொண்டுவந்து போட்டு, அது அடித்துப் போகாமல் இருக்க அலைத்தடுப்பு முனைகளை வரிசையாகக் கட்டினார்கள். ஒவ்வோர் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு சின்ன வளைகுடா. அலை முனையைச் சுற்றி வளைந்து உள்ளே வருவதால், அதே வளைகுடாவின் ஒரு கோடியில் ஆரஞ்சு ஒரு திசையிலும் மறு கோடியில் வேறு திசையிலும் போகலாம். பிள்ளைகள் எந்த இடத்தில் நின்றார்கள் என்பது முடிவையே மாற்றிவிடும். இதை எழுதினால் "எந்த அளவீடு, எந்த முடிவு" இரண்டுக்கும் பதில் கிடைத்துவிடும்.

அலை எண்ணிக்கையிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. சிங்கப்பூர் நீரிணை உலகின் மிகப் பரபரப்பான கப்பல் பாதைகளில் ஒன்று. அவர்கள் எண்ணிய அலைகளில் காற்று எழுப்பியவை எத்தனை, கப்பல் கடந்துபோனதால் எழுந்தவை எத்தனை? இரண்டு மாணவிகள் தனித்தனியாக எண்ணி ஒரே எண்ணிக்கை சொல்லியிருக்கலாம். நம்பகத்தன்மை முழுதாக இருக்கும். காற்றலைகளைப் பற்றிய கேள்விக்கு அந்த எண் பொருந்துமா என்பது அப்போதும் திறந்த கேள்விதான்.

எண்ணும் எழுத்தும்

டீச்சர் சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் ஆரஞ்சைப் போட்டுக் கிடைத்த எண்களை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஏற்புடைமைக்குப் பாய்வதற்கு முன்னால் நம்பகத்தன்மையை எண்ணாகவே காட்டப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தரவுப் பகுப்பாய்வு என் தொழில், அதனால் இதில் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

கற்பனையாக இரண்டு குழுக்கள். முதல் குழுவின் ஆரஞ்சு மேற்கே போன தூரம்: 4.1, 4.4, 3.9, 4.3, 4.2 மீட்டர். இரண்டாவது குழுவுக்கு 1.0, 8.1, 4.5, 9.5 மீட்டர் மேற்கே, ஒரு முறை 2.2 மீட்டர் கிழக்கே. கூட்டிப் பாருங்கள், இரண்டு குழுக்களின் சராசரியும் 4.18 மீட்டர். அறிக்கையில் சராசரியை மட்டும் போட்டால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். முதல் குழுவின் சராசரியை நம்பலாம். இரண்டாவது குழுவினுடையதை வைத்துத் திசையைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாது. பெரும்பாலான மாணவர் அறிக்கைகளில் சராசரி மட்டும்தான் இருக்கிறது. தனித்தனி எண்களை அட்டவணையில் வைத்து, மிகக் குறைந்ததையும் மிக அதிகமானதையும் சொன்னாலே நம்பகத்தன்மை பற்றிப் பேச ஆதாரம் கிடைத்துவிடும். அது இல்லாமல் "எங்கள் தரவு நம்பகமானது" என்பது வெறும் வாக்குமூலம்.

"அதிக அளவீடுகள் எடுத்தால்" என்ற வரிக்கு வருகிறேன். எல்லா மாணவர்களும் எழுதும் வரி இது. பாதி நேரம்தான் உண்மை. அளவீடு முன்னும் பின்னும் தற்செயலாகச் சிதறினால், எண்ணிக்கையைக் கூட்டுவது உதவும். ஒரே பக்கமாகச் சாய்ந்த பிழை இருந்தால் உதவாது. கிளினோமீட்டர் 2 டிகிரி கூடுதலாகக் காட்டினால், நூறு முறை அளந்தாலும் 2 டிகிரி கூடுதல்தான். அதற்குத் தீர்வு கீழிருந்து மேலே ஒரு முறை, மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்துச் சராசரி எடுப்பது. கருவியின் சாய்வு இரண்டு திசையிலும் எதிரெதிராக வந்து கழிந்துவிடும். அத்துடன், பார்ப்பவர் தன் கண் உயரத்தில் கருவியை வைத்துக்கொண்டு, எதிரே இருக்கும் கம்பில் அதே உயரத்தில் உள்ள கோட்டைத்தான் குறிபார்க்க வேண்டும். உயரமான மாணவன் குள்ளமான தோழியின் தலையைக் குறிபார்த்தால் ஒவ்வொரு சரிவும் தவறாக வரும்.

யீஷூன் மாணவன்

நான் தொடக்கக் கல்லூரியில் எச்2 (ஏ நிலைத் தேர்வுப் பாடநிலை) புவியியல் எடுக்கிறேன். அண்ணா, டீச்சர், நீங்கள் சொல்வதெல்லாம் சரி. ஆனால் தேர்வில் இதற்குக் கிடைப்பது சில நிமிடங்களும் சில வரிகளும்தான். அதனால் எங்களில் பலர் சில வாக்கியங்களை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம்: மாதிரி அளவு போதாது, ஒரே நாள், கருவிப் பிழை. இவை எதுவும் தவறு இல்லையே?

கடலோரம்

தவறு இல்லை தம்பி. எந்தக் களப்பணிக்கும் பொருந்தும் என்பதுதான் குறை. எந்தக் களப்பணிக்கும் பொருந்தும் வாக்கியம் இந்தக் களப்பணியைப் பற்றி எதையும் சொல்லவில்லை.

"ஒரே நாள்" என்பதையே எடுத்துக்கொள். அதை எழுதாதே என்று நான் சொல்லவில்லை. ஒரே நாளாக இருந்ததால் என்ன ஆனது என்பதையும் சேர்த்து எழுது. இப்படி: "அளவீடு ஜூலை மாதம் ஒரு காலைப்பொழுதில் நடந்தது. அப்போது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். டிசம்பரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றின்போது அலை வந்து சேரும் கோணம் வேறாக இருக்கலாம். ஆகவே நாங்கள் கண்ட திசையை ஆண்டு முழுவதற்குமான திசையாக எடுத்துக்கொள்ள முடியாது." நான்கே வரிகள். மனப்பாட வாக்கியத்தைவிட அதிக நேரம் எடுக்காது. ஆனால் இதில் காலம் இருக்கிறது, காரணம் இருக்கிறது, முடிவு எவ்வளவு சுருங்க வேண்டும் என்பதும் இருக்கிறது.

குறையைச் சொல்வதோடு நிற்பவர்கள் பலர். அந்தக் குறை முடிவை எந்தப் பக்கம் இழுத்திருக்கும் என்று சொல்பவர்கள் குறைவு. அதைக் கேட்கும்போதுதான் பிள்ளைகள் புவியியலுக்குள் திரும்பி வருகிறார்கள், ஏனென்றால் காற்று, அலை, கடல் ஏற்றம் பற்றித் தெரியாமல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

கரையின் அகலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், செங்காங் அம்மாவின் மகளுக்கு உதவும். நம் கடலில் நாளொன்றுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வேறுபாடு 3 மீட்டரை நெருங்கும். பத்துக்கு ஒன்று என்ற சரிவுள்ள கரையில் கடல் 1 மீட்டர் இறங்கினால் 10 மீட்டர் மணல் புதிதாக வெளியே வரும். ஒரு குழு காலை 9 மணிக்கும் மற்றொரு குழு 11 மணிக்கும் நீர்விளிம்பிலிருந்து அளக்கத் தொடங்கினால், இரண்டு கரைகளை ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு கடல் ஏற்றத்தின் இரண்டு நேரங்களைத்தான் ஒப்பிடுகிறார்கள். நடைபாதை விளிம்பு மாதிரி நகராத ஓரிடத்திலிருந்து அளந்தால் இது பெருமளவு தீரும். கடல்துறை, துறைமுக ஆணையம் கடல் ஏற்ற இறக்க அட்டவணை வெளியிடுகிறது. அந்த நாளின் நேரங்களை அறிக்கையில் குறித்தால் படிப்பவர் தானே சரிபார்த்துக்கொள்வார்.

மேகக்கூட்டம்

கடற்கரையோடு நிற்க வேண்டாம் என்று நினைக்கிறேன். நம் பள்ளிகளில் அதிகம் நடப்பது வெப்பநிலைக் களப்பணி. பூங்காவில் எவ்வளவு, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் எவ்வளவு. அதில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம்.

பார்த்துப் பார்த்துப் பழகிய வழக்கம் இது: குழு முதலில் பூங்காவுக்குப் போகிறது, 9.30 மணிக்கு அளக்கிறது. நடந்து கார் நிறுத்துமிடம் வரும்போது மணி 11. அங்கே 2 டிகிரி அதிகம். "பசுமை வெப்பத்தைக் குறைக்கிறது" என்று முடிவு. ஆனால் நம் ஊரில் காலையில் 25, 26 டிகிரியாக இருப்பது பிற்பகலுக்குள் 31, 32க்கு ஏறுகிறது. சூரியன் உச்சிக்கு வருவதே 1 மணி வாக்கில். ஒன்றரை மணி நேரத்தில் எங்கே நின்றிருந்தாலும் வெப்பம் கூடியிருக்கும். அந்த 2 டிகிரியில் மரத்தின் பங்கு எவ்வளவு, கடிகாரத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வழி இல்லை.

இதற்கு எளிய வழி உண்டு. இரண்டு பேர் இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் அளக்கலாம். ஆள் இல்லை என்றால், கடைசியில் முதல் இடத்துக்கே திரும்பி இன்னொரு முறை அளக்க வேண்டும். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் அங்கே எவ்வளவு கூடியது என்று தெரிந்தால், நடுவில் எடுத்த அளவீட்டைத் திருத்திக்கொள்ளலாம். வெப்பமானிகள் இரண்டு என்றால் புறப்படும் முன் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே எண் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். வகுப்பறைக் கருவிகள் அரை டிகிரி முன்பின் இருப்பது சாதாரணம். அப்படி இருக்கும்போது 0.3 டிகிரி வேறுபாட்டை வைத்து வரைபடம் போடுவதில் பொருள் இல்லை.

வெயிலில் பிடித்த வெப்பமானி காற்றின் வெப்பத்தைக் காட்டாது, தன் மேல் விழும் வெயிலைக் காட்டும். வானிலை நிலையங்களில் காற்று புகும் இடைவெளிகள் உள்ள வெள்ளை நிறப் பெட்டிக்குள், தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் உயரத்தில் கருவியை வைப்பது இதனால்தான். பூங்காவில் மர நிழலிலும் கார் நிறுத்துமிடத்தில் நேர் வெயிலிலும் அளந்த குழு, நிழலுக்கும் வெயிலுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் அளந்திருக்கிறது. கார் நிறுத்துமிடத்தின் நிழலில் ஓர் அளவீடும் பூங்காவின் திறந்த புல்வெளியில் ஓர் அளவீடும் எடுத்திருந்தால் ஒப்பீடு நியாயமாக இருந்திருக்கும்.

நகர்ப்புற வெப்பத் தீவு விளைவு, அதாவது நகரம் சுற்றுப்புறத்தைவிட வெப்பமாக இருப்பது, அதிகமாகத் தெரிவது சூரியன் மறைந்த பிறகு, கான்கிரீட் பகலில் சேர்த்த வெப்பத்தை வெளியே விடும்போது. பள்ளிக் களப்பணி நடப்பதோ காலையில். காலையில் வேறுபாடு தெரியவில்லை என்பதற்காக "இங்கே வெப்பத் தீவு இல்லை" என்று எழுதக் கூடாது. இது ஏற்புடைமைக் குறை. காலை அளவீட்டை எவ்வளவு கவனமாகத் திரும்பத் திரும்பச் செய்தாலும் சரியாகாது.

யீஷூன் மாணவன்

அப்படியானால் நாங்கள் ஏன் அளக்க வேண்டும்? வானிலை ஆய்வு மையத்தின் தரவு இணையத்தில் இருக்கிறது. அது எங்களுடையதைவிட நம்பகமானது, ஏற்புடையதும்கூட. மதிப்பீட்டில் "இரண்டாம்நிலைத் தரவைப் பயன்படுத்தியிருக்கலாம்" என்று எழுதினால் போதாதா?

மேகக்கூட்டம்

நம்பகமானது, ஆமாம். உங்கள் கேள்விக்கு ஏற்புடையதா என்பது வேறு. நிலையம் திறந்த வெளியில், கட்டடங்களின் பாதிப்பு குறைவாக இருக்கும்படி வைக்கப்படுகிறது. உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் முதியவர்கள் உட்காரும் இடம் எவ்வளவு வெப்பமாக இருக்கிறது என்பதுதான் கேள்வி என்றால், நிலையத்தால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. நீங்கள் கையில் பிடித்த சுமாரான வெப்பமானி சொல்லும். நிலையத் தரவை வேறு விதமாகப் பயன்படுத்துங்கள்: நீங்கள் அளந்த நாள் அந்த மாதத்துக்கு வழக்கமான நாளா, முந்தைய நாள் மழை பெய்ததா, காற்று எந்தத் திசை. செங்காங் அக்காவின் மகளும் இதைச் செய்யலாம். ஈஸ்ட் கோஸ்ட் பார்க்வேயிலேயே ஒரு நிலையம் இருக்கிறது, காற்றின் திசையும் வேகமும் தருகிறது.

தேக்கா நடை

கருவி வைத்து அளப்பதைப் பற்றியே பேசுகிறோம். மனிதர்களிடம் கேள்வி கேட்கும் களப்பணியையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் லிட்டில் இந்தியாவுக்கு ஆண்டு முழுவதும் மாணவர்கள் அட்டையும் பேனாவுமாக வருகிறார்கள். நான் அந்தப் பக்கம்தான் வேலை செய்கிறேன். என்னிடமும் கேட்பார்கள், நின்று பதில் சொல்வேன். அவர்கள் ஆர்வம் எனக்குப் பிடிக்கும். அதனால்தான் இதைக் கவனமாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில், யாரிடம் கேட்கிறார்கள்? சீருடையில் இருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளை, சிரித்த முகத்தோடு மெதுவாக நடந்து வருபவரைத்தான் அணுகும். அவசரமாகப் போகிறவர், கையில் மூட்டையோடு இருப்பவர், ஆங்கிலம் பேசமாட்டார் என்று தோன்றுகிறவர் எல்லாரும் விடுபட்டுப் போகிறார்கள். வினாப்படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருப்பதால், தமிழோ வங்காளமோ மட்டும் சரளமாகப் பேசும் ஊழியர்களின் கருத்து தாளில் ஏறுவதே இல்லை. அப்புறம் அறிக்கையில் "லிட்டில் இந்தியாவுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் உணவுக்காகவும் சுற்றிப் பார்க்கவும் வருகிறார்கள்" என்று எழுதுகிறார்கள். வாரம் தவறாமல் வந்து ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, நண்பர்களைப் பார்த்துவிட்டு, மளிகை வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்கள் அந்த வாக்கியத்தில் எங்கே?

நாள் கிழமையும் அப்படித்தான். புதன்கிழமை காலையில் பஃபலோ சாலையில் நடப்பவர்கள் வேறு, ஞாயிறு மாலையில் நடப்பவர்கள் வேறு. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மூன்றாவது ஒரு கூட்டம். பள்ளிக் களப்பணி வாரநாளில்தான் நடக்கிறது. அந்தப் புதன்கிழமை மாதிரியை எத்தனை பேராகக் கூட்டினாலும் அது ஞாயிற்றுக்கிழமைக்காரர்களைப் பற்றிப் பேசாது.

குறிப்பிட்ட ஓரிடத்தில் நின்று, கடந்துபோகும் ஒவ்வொரு பத்தாவது ஆளையும் கேட்பது என்று வைத்துக்கொண்டால் முகம் பார்த்துத் தேர்ந்தெடுப்பது குறையும். மறுத்தவர்களையும் கணக்கில் எழுத வேண்டும். முப்பது பேர் பதில் சொன்னார்கள் என்பதைவிட, முப்பது பேரின் பதிலைப் பெற எத்தனை பேரைக் கேட்க வேண்டியிருந்தது என்பது மாதிரியைப் பற்றி அதிகம் சொல்லும்.

இரண்டாவது, என்ன கேட்கிறார்கள்? இந்த இடத்தோடு மக்களுக்கு உள்ள பிணைப்பை ஆராய்கிறோம் என்பார்கள். படிவத்தில் "மாதத்துக்கு எத்தனை முறை வருகிறீர்கள்?" என்று இருக்கும். அடிக்கடி வருவது பிணைப்பு ஆகாது. நான் வாரத்தில் ஆறு நாள் வருகிறேன், வேலை இங்கே என்பதால். வேறெங்கோ குடியிருந்துகொண்டு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் வரும் ஒரு பாட்டிக்கு இந்தத் தெருக்களோடு என்னைவிட ஆழமான பிணைப்பு இருக்கலாம். எந்த நினைவுகள் இருக்கின்றன, எந்தக் கடை மூடினால் வருத்தப்படுவீர்கள், பிள்ளைகளை அழைத்து வருவீர்களா என்று கேட்டால்தான் அந்த விஷயத்தைத் தொட முடியும்.

"இங்கே கூட்டம் மிக அதிகம் என்று நினைக்கிறீர்களா?" மாதிரியான கேள்வி பதிலைக் கையில் கொடுத்துவிடுகிறது. சீருடைப் பிள்ளைகளிடம் பெரியவர்கள் பெரும்பாலும் "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள். நானும் சொல்லியிருப்பேன்.

எண்ணும் எழுத்தும்

தேக்கா நடை எழுதியதை அப்படியே வகுப்பில் ஒட்டிவைக்கலாம். சுற்றுப்புறத் தர மதிப்பெண் பற்றியும் ஒன்று சேர்க்கிறேன். சுத்தம், சத்தம், பசுமை என்று ஒவ்வொன்றுக்கும் -3 முதல் +3 வரை மதிப்பெண் போடும் படிவம் எல்லாக் குழுவிலும் உண்டு. குழுவாக நின்று பேசி ஒரே எண் போடுகிறார்கள். அப்படிச் செய்தால் நம்பகத்தன்மையைச் சோதிக்கும் வாய்ப்பே போய்விடுகிறது. இரண்டு பேர் பேசாமல் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, பிறகு ஒப்பிட வேண்டும். ஒருவர் தேக்கா ஈரச்சந்தையின் சுத்தத்துக்கு +1, மற்றவர் -2 என்றால், "சுத்தம்" என்பதற்கு என்ன அளவுகோல் என்று அவர்கள் முன்கூட்டியே பேசி முடிக்கவில்லை என்று அர்த்தம். ஈரத் தரை அசுத்தமா, கழுவியதன் அடையாளமா? அதைப் படிவத்திலேயே எழுதிவைத்துவிட்டு முன்னோட்டமாக ஓரிடத்தில் முயன்று பார்த்தால் வேறுபாடு குறையும்.

தம்பிக்கு ஒரு கூடுதல் தகவல். ஐந்து இடங்களை வைத்து ஸ்பியர்மன் தரவரிசைத் தொடர்பு (இரண்டு தரவரிசைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) போட்டு 0.9 வந்தது என்று மகிழ்கிறார்கள். திசையை முன்கூட்டிச் சொல்லாத இருமுனைச் சோதனையில் 5 விழுக்காட்டு நிலைக்கு ஐந்து இடங்களுக்குத் தேவையான மதிப்பு 1.0. அதாவது வரிசை முழுமையாகப் பொருந்தினால்தான் தேறும். பத்து இடங்கள் இருந்தால் 0.648 போதும். "மாதிரி அளவு போதாது" என்று எழுதுவதானால் இப்படி எழுதலாம்.

கடலோரம்

பீஷான்-அங் மோ கியோ பூங்காவுக்குப் போகும் குழுக்களுக்கும் சுருக்கமாக ஒன்று. அங்கே 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயாக இருந்த காலாங் ஆற்றை 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக மாற்றினார்கள், வேலை 2012இல் முடிந்தது. ஆற்றின் வேகம் கீழ்நோக்கிப் போகப் போகக் கூடும் என்ற பாடநூல் மாதிரியை அங்கே சோதிக்கும்போது, கல்லும் செடியும் வளைவும் வடிவமைத்து வைக்கப்பட்டவை என்பதை மறக்கக் கூடாது. மேற்பரப்பில் மிதவை காட்டும் வேகம் ஆற்றின் சராசரி வேகமும் ஆகாது. சுமார் 0.85ஆல் பெருக்குவது வழக்கம், ஏனென்றால் அடியிலும் கரையிலும் உராய்வு நீரைத் தடுக்கிறது. மழை பெய்தால் அங்கே நீர் மளமளவென்று ஏறும், அதனால் எச்சரிக்கை ஒலித்தால் அளவீட்டை விட்டுவிட்டு உடனே மேலே ஏறிவிட வேண்டும்.

செங்காங் அம்மா

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. மகளும் அவள் தோழிகளும் முழு இழையையும் உட்கார்ந்து படித்தார்கள். முடிவை இப்படி மாற்றியிருக்கிறார்கள்: "நாங்கள் அளந்த நேரத்தில், வளைகுடாவின் நடுப்பகுதியில், கரையோர மேற்பரப்பு நீர் மேற்கு நோக்கி நகர்ந்தது. மணலும் அதே திசையில் நகர்கிறது என்பதற்கு இது ஓர் அறிகுறி, நிரூபணம் அல்ல." கடல் ஏற்ற நேரத்தைத் தேடிக் குறித்துவிட்டார்கள். வளைகுடாவின் இரண்டு கோடிகளிலும் அளக்கவில்லை என்பதையும், அளந்திருந்தால் திசை மாறியிருக்கலாம் என்பதையும் எழுதியிருக்கிறார்கள்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். ஒரே ஒரு முறை ஆரஞ்சு கிழக்கே போயிருக்கிறது. குழுவில் பாதிப் பேர் அதை நீக்கிவிடலாம் என்கிறார்கள், மகள் வேண்டாம் என்கிறாள். என்ன செய்வது?

எண்ணும் எழுத்தும்

மகள் சொல்வது சரி அக்கா. எண் பிடிக்கவில்லை என்பது நீக்கக் காரணமாகாது. அந்த முறை யாராவது குழந்தை ஆரஞ்சைத் தொட்டதாகவோ, ஒரு கப்பல் அலை வந்ததாகவோ களக் குறிப்பில் அப்போதே எழுதியிருந்தால், அந்தக் காரணத்தைச் சொல்லிவிட்டு நீக்கலாம். எழுதவில்லை என்றால் அட்டவணையில் இருக்கட்டும். அதைச் சேர்த்து ஒரு முறை, சேர்க்காமல் ஒரு முறை நடுமதிப்பை (எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) கணக்கிடச் சொல்லுங்கள். இரண்டிலும் திசை மேற்காகவே இருந்தால், அந்த ஓர் அளவீடு முடிவை அசைக்கவில்லை என்று எண்ணோடு எழுதலாம்.

செங்காங் அம்மா

களக் குறிப்பைப் பார்த்தோம். அந்த வரிசைக்கு நேரே "பெரிய அலை" என்று மட்டும் இருக்கிறது, காரணம் இல்லை. அதனால் நீக்கவில்லை. இரண்டு விதமாகவும் கணக்கிட்டுப் பார்த்தார்கள், திசை மாறவில்லை, அதைச் சேர்த்தபோது தூரம் கொஞ்சம் குறைந்தது. இரண்டு எண்களையும் அட்டவணைக்குக் கீழே போட்டுவிட்டார்கள். நாளை ஒப்படைக்கிறார்கள்.